இரண்டேகால் அடிக் கதவு

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பொறியாளர் உமாமகேஸ்வரன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் வரைவாளர் சங்கத்துப் பெரியவர்களே, எதிரே கூடியிருக்கும் மேஸ்திரிகளே, தச்சர்களே, முன்வரிசையில் இருக்கும் இருசப்பனின் மனைவி ரேணுகாம்பாள் அம்மா அவர்களே! வணக்கம். அம்மா, உங்களைக் கடைசியில் சொன்னதற்குக் காரணம் உண்டு. உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

வரைவாளர் திலகம் இருசப்பனை எல்லோரும் புகழ்ந்தீர்கள். நியாயமான புகழ். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைப் பயிர் போட்ட குடும்பத்திலிருந்து வந்து, வேங்கிக்காலில் பத்துக்குப் பத்து அறையில் ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தவர். பிளான் போடும் மென்பொருள் அப்போதே எல்லோரிடமும் இருந்தது. ஆனால் ஒரு சுவருக்கு இரண்டு கோடு இழுக்க வேண்டும். கதவு வைக்க அந்தக் கோடுகளை வெட்ட வேண்டும். கதவு திறக்கும் வளைவைத் தனியாகப் போட வேண்டும். இருசப்பன் என்ன செய்தார்? அந்த மென்பொருளோடு சேர்ந்து ஓடும் சின்னக் கருவி ஒன்றைத் தானே எழுதினார். இரண்டு எழுத்தைத் தட்டினால் சுவர். இன்னும் இரண்டு எழுத்தைத் தட்டினால் கதவு. சுவர் தானாக வழிவிடும்! அதற்கு யாரிடமாவது காசு கேட்டாரா? பென்டிரைவில் போட்டு ஊருக்கே கொடுத்தார். ஆசிரமம் பக்கத்து விடுதிகளிலிருந்து கலெக்டர் ஆபீஸ் பின்னால் எழுந்த புது வீடுகள் வரை, அந்தக் கருவி தொடாத பிளான் ரொம்பக் கம்மி.

நல்லது. யாரும் சொல்லாததை இனி நான் சொல்கிறேன்.

நான் கதவு வியாபாரி. ஜன்னல் சட்டத்தைத் தலையில் சுமந்து தொழிலை ஆரம்பித்தவன். என் கடைக்கு வருகிறவர்களை பிளானுக்காக இருசப்பனிடம் அனுப்புவேன். அவர் பிழைப்பில் பாதி என் கடை வழியாகத்தான் நடந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு லாரி பாத்ரூம் கதவு இறக்கினேன். எல்லாம் இரண்டேகால் அடி அகலம். ஒருவரும் சீந்தவில்லை. நேராக அவர் அறைக்குப் போனேன்.

"இருசப்பா, உன் கருவியில பாத்ரூம் கதவுக்குத் தானா வர்ற அளவு என்னாய்யா?"

"மூணடி மொதலாளி."

"ரெண்டேகால்னு மாத்து."

"அதுல வீல்சேர் போவாதுங்க."

"எவன்யா வீல்சேர்ல பாத்ரூம் போறான்? வீடு கட்றவனுக்கு முப்பத்தஞ்சு வயசு!"

"முப்பத்தஞ்சாவே இருந்துடுவானாங்க?"

நான் சிரித்தேன். அவர் மாற்றினார். ஆனால் சும்மா மாற்றவில்லை. குறுகலான கதவை வைத்தால் திரையில் ஒரு வரி வந்து கேட்கும்: "வீல்சேர் போகுமா?" அதையும் எடுக்கச் சொன்னேன். வீடு கட்டுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான், அபசகுனமாக நினைப்பான் என்றேன். எடுத்தார்.

மாற்றிய கருவி மறுபடியும் பென்டிரைவில் ஊரெல்லாம் போனது. பிறகு என்ன நடந்தது? வரைவாளர்களே, உங்களைக் கேட்கிறேன். அந்த அளவை யாராவது படித்தீர்களா? எண்டரைத் தட்டினீர்கள். பிளானில் இரண்டேகால் என்று இருந்ததால் மேஸ்திரி இரண்டேகால் விட்டார். சுவரில் இரண்டேகால் இருந்ததால் வீட்டுக்காரர் என் கடைக்கு வந்தார். லாரி காலியானது; அடுத்த லாரி இறக்கினேன். உங்கள் மேல் பழி போடவில்லை. அந்த அளவை அங்கே வைக்கச் சொன்னவன் நான்.

இன்னும் கேளுங்கள். இருசப்பன் தன் வீட்டுக்கு மட்டும் மூன்றடி வரைந்திருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு என் அன்பளிப்பு என்று எல்லாக் கதவையும் நானே அனுப்பினேன். பாத்ரூமுக்குப் போனது எது? இரண்டேகால். "ஓசிக் கதவுக்கு அளவு பார்ப்பியாய்யா? சுவத்தைக் கொஞ்சம் இழுத்துக் கட்டு" என்று நாலு பேர் முன்னால் தமாஷ் பண்ணினேன். அவர் கொத்தனாரைக் கூப்பிட்டு ஒன்பது அங்குலம் மூடச் சொன்னார்.

போன சித்திரையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. நான் பார்க்கப் போனது ஐப்பசியில். வீல்சேர் பாத்ரூம் வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தும் அவர் சிரித்தார். "என் கதவே என்னை உள்ள வுட மாட்டேங்குது மொதலாளி."

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்குத் தூக்கறது கஷ்டம்னு தண்ணி குடிக்கறதையே கம்மி பண்ணிட்டாருங்க. வெச்ச சொம்பு வெச்சபடி இருக்குது" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கார்த்திகை தீபம் முடியட்டும்மா, கொத்தனாரை அனுப்பறேன். இப்ப ஆள் கெடைக்காது." ஒன்பது அங்குலச் சுவர்! அரை நாள் வேலை! மலைமேல் தீபம் பதினோரு நாள் எரிந்தது. பதினோரு நாளும் கடை வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆளை அனுப்பவில்லை. பன்னிரண்டாம் நாள் கையில் மாலையோடு நானே போனேன்.

அவர் சாவுக்குக் கதவு காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் சொம்பு பக்கத்தில் இருக்க, தாகத்தோடு ஒரு மனிதர் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தாரே, அதற்கு யார் காரணம்? நான்தான் ஐயா!

நேற்று கொத்தனாரோடு அந்த வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலிலேயே நிறுத்தினார். "இப்ப எதுக்குங்க? நான் நடந்தே போயிக்கறேன். வேற எந்த வூட்லயாவது யாராவது தாகத்தோட உக்காந்திருப்பாங்க. அங்க போய் இடிங்க."

இடிக்கிறேன் அம்மா. என் கடையில் அந்தக் கதவு வாங்கிய எந்த வீட்டிலும், கேட்டால் என் ஆள் வந்து சுவரை அகலப்படுத்தி மூன்றடிக் கதவு மாட்டுவான். குடோனில் இருக்கும் இரண்டேகாலில் ஒன்றுகூட இனி வெளியே போகாது.

இன்னொன்று. இருசப்பனோடு வேலை செய்த காமேஸ்வரி அந்தக் கருவியைத் திறந்து பார்த்திருக்கிறார். நான் எடுக்கச் சொன்ன வரியை இருசப்பன் அழிக்கவே இல்லை. முன்னால் ஒரு சின்னக் குறியைப் போட்டு, ஓடாமல் நிறுத்தி மட்டும் வைத்திருக்கிறார். ஒன்பது வருஷமாக நம் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் அந்தக் கேள்வி பேசாமல் கிடந்திருக்கிறது. காமேஸ்வரி குறியை எடுத்துவிட்டார். அளவும் பழையபடி மூன்றடி. வாசல் மேஜையில் பென்டிரைவ் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள்.

நாளைக் காலையில் ஒரு குறுகலான கதவு வைப்பீர்கள். இருசப்பன் கேட்பார். எண்டரைத் தட்டுவதற்கு முன்னால் பதில் சொல்லுங்கள்.