எண்ணெய் குடித்த கதவு

கரி ரயில் போய் டீசல் ரயில் வந்த புதுசு. சாத்தூரில் சிவகாசி பஸ்ஸுக்கு நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற பெண் பக்கத்து ஆளிடம், "நீங்க எண்ணெய் ஊத்துனதுலேருந்துதான் கதவு தொறக்க மாட்டேங்குது, கொழுந்தனாரே" என்றாள். எண்ணெய் ஊற்றினால் கதவு எப்படி இறுகும்? எனக்குப் புரியவில்லை. காதை அங்கேயே வைத்துக்கொண்டேன்.

"நல்ல விளக்கெண்ணெய் மதினி. இழுப்புக் கதவாச்சேன்னு, அது ஓடுற தடம் முழுக்க ஊத்துனேன்."

"கதவுக்குப் பேதிக்கா குடுத்தீக? அது வெடிக்கு மருந்து அடைக்கிற ரூமு. பறக்குற மருந்துத் தூசியெல்லாம் எண்ணெயில ஒட்டி, களி மாதிரி கெடக்கு. நேத்து ரெண்டு பேரு இழுத்தும் அசையலை. தீப்பிடிச்சா உள்ள வேலை பாக்குற பொம்பளைக நாங்க எப்படி ஓடுறது?"

அவர் தலையைச் சொறிந்தார். "உளியால சொரண்டி எடுத்துரட்டுமா?"

"உளியா! பொறி பறந்தா கதவோட நாமளும் போயிருவோம். சோப்புத் தண்ணி விட்டுத் தொடச்சு, காஞ்சப்புறம் மெழுகு தேயுங்க. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சியை முக்குவாகளே, அந்த மெழுகு. அதுல தூசி அம்புட்டா ஒட்டாது."

பஸ் வந்தது. அவள் ஏறினாள். அவர் ஏறாமல் கடைத்தெருப் பக்கம் திரும்பினார்.

அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினாள். "மெழுகோட வாங்க! நீங்களே உள்ள நின்னு ஒத்தக் கையால தொறந்து காட்டுற வரைக்கும் நான் வெளியதான் உக்காந்திருப்பேன்!"