யாரும் இல்லன்னு எழுதுங்க

அது ரேடியோ. பின்ரூம்ல ஓடுது. விடுங்க. உக்காருங்க.

அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. பேரு வீப்ரன். பேரச் சொல்லியே கூப்பிடுங்க, ஐயா கிய்யா வேண்டாம். காப்பி ஆறிரும், குடிங்க. பிஸ்கட் எடுத்துக்குங்க. ஒண்ணு. டப்பாவ மூடி வெச்சிர்றேன், நமுத்துப் போயிரும்.

சரி, கேக்க வேண்டியதக் கேளுங்க. நகராட்சியில இருந்து வர்றேன், சமையலறை மேசையில உக்காந்து சும்மா பேசலாம்னு போன்ல சொன்னீங்க. சும்மா பேச நான் யாரையும் கூப்பிடலம்மா. நான் கேட்டது காலையில ஒரு ஆளு. வந்து என் பொண்டாட்டியத் தூக்கி உக்கார வெச்சு, கழுவி விட்டு, கொஞ்சம் கஞ்சி குடுத்துட்டுப் போகணும். அவ்வளவுதான். ரென்ஸ்காவுக்கு வாதம் அடிச்சு வலது பக்கம் மொத்தமாப் போயிருச்சு. பேச்சும் போயிருச்சு. புத்தி போகல. நம்ம பேசுறது எல்லாம் அவளுக்குப் புரியுதுன்னு டாக்டரே சொன்னாரு. எனக்கு முதுகு வளையாது. ஆளு அனுப்புங்க. இதுல பேச என்ன இருக்கு?

பாத்தீங்களா, வந்துட்டீங்க அதுக்கு. உங்களச் சுத்தி யாரு யாரு இருக்காங்கன்னு கேக்கத்தான இந்தக் காத்துல சைக்கிள் மிதிச்சு வந்தீங்க?

யாரும் இல்ல. எழுதிக்குங்க.

கக்கூசுக்குப் போனப்ப சுவத்துல காலண்டரப் பாத்தீங்களா? நெனச்சேன். எல்லா வீட்டுலயும் அங்கதான மாட்டி வெச்சிருக்கோம், பேரு போட்டுப் பொறந்தநாள எழுதி, மறந்துறக் கூடாதுன்னு. அத்தனை பேரு இருக்காங்களேங்குறீங்க. பாதிப் பேரு மண்ணுக்குள்ள இருக்கான். செத்தவன் பேர நாங்க அடிக்கிறதில்ல. மார்ச்சுல இருக்குறவன் என் தம்பி. மீன் பிடிக்கப் போயி கடலோட போனவன். அவன வரச் சொல்லட்டுமா? தண்ணி கொண்டு வருவான், கழுவ வசதியா இருக்கும்.

மகளா? இருக்கா. ரிக்ஸ்ட். ஆர்னம்ல ஸ்கூல் டீச்சரு. கிறிஸ்மஸுக்கு வந்தா. அம்மா வாயில எச்சி ஒழுகுச்சு, தொடைச்சு விட்டா. அப்புறம் போயி சோப்புப் போட்டுக் கையக் கழுவுனா. கழுவிக்கிட்டே இருந்தா. தோலு உரிஞ்சிருக்கும். கேட்டா வருவா. வந்துட்டு அழுவா. அழுகைக்கு வேற நான் ஆளு வெக்கணும்.

சர்ச்சுப் பாட்டுக் குழுவா? அவ அங்கதான் பாடிக்கிட்டு இருந்தா. பூங்கொத்து அனுப்புனாங்க. பூவ வெச்சு முதுகு தேய்க்க முடியுமாம்மா?

இந்த மேசை எங்க அப்பன் வீட்டு மேசை. அவரு கை கதிரடிக்கிற மிஷின்ல போயிருச்சு. அப்ப இல்லாதவனுக்குச் சோறு போடுறது சர்ச்சு. அங்க இருந்து ஒருத்தரு வருவாரு. கறுப்புக் கோட்டு. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே எடம். உங்கள மாதிரியே சிரிச்ச மூஞ்சி. அண்ணன் தம்பி யாராச்சும் பாக்க மாட்டாங்களா, பக்கத்து வீட்டுல கேட்டீங்களான்னு கேப்பாரு. எங்க அம்மா நின்னுக்கிட்டேதான் பதில் சொல்லணும். அப்புறம் எந்திரிச்சுப் போயி அடுப்பு மேல இருக்குற சட்டியத் தொறந்து பாப்பாரு, கறி கிறி இருக்கான்னு. இல்லன்னு தெரிஞ்சதும் அவரைக்கொட்டை அனுப்புவாரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சு வாசல்ல, ஊரு முன்னால, எங்க அம்மா அவருக்கு நன்றி சொல்லணும். சொல்லுச்சு. குனிஞ்சு சொல்லுச்சு.

அப்புறம் அரசாங்கம் வந்துச்சு. வயசானவங்களுக்குப் பணம் தபால்ல வந்துச்சு. யாருக்குப்பா நன்றி சொல்லணும்னு எங்க அம்மா தபால்காரனக் கேட்டுச்சு. அதெல்லாம் வேண்டாம், கையெழுத்தப் போடுங்கன்னுட்டுப் போயிட்டான். கதவச் சாத்திட்டு வந்து இந்த மேசையில உக்காந்துச்சு. உக்காந்துச்சும்மா, நிக்கல. அதாம்மா அரசாங்கம். அதுக்குப் பாசம் கிடையாது. மூஞ்சி கிடையாது. நம்மளும் யாரு மூஞ்சியையும் பாக்க வேண்டாம். அதுக்குத்தான வாழ்நாளு பூரா அந்தக் கால்வாய்ப் பாலத்துக் கூண்டுல உக்காந்து, படகு வந்தாத் தூக்கு, போனா எறக்குன்னு வேலை பாத்தேன். சம்பளத்துல பாதிய வரின்னு புடுங்குனீங்க, வாயத் தொறந்தேனா? இப்பத் திரும்பி வந்து அதே மேசையில அதே கேள்வி. கோட்டு மட்டும் செவப்பா இருக்கு.

சட்டியப் பாக்கணுமா? தொறந்து பாருங்க. பார்லி போட்ட மோர்க்கஞ்சி.

அடியில கொஞ்சம்தான் இருக்கா? நான் குடிச்சேன். சூடாத்தான் இருக்கும். இப்பத்தான் குடிச்சேன்.

சரி சரி, ஹாலந்து பூரா இப்ப இதான் சட்டம்னா உங்களச் சொல்லி என்ன பண்றது. பக்கத்துல யாராச்சும் செய்யிறதா இருந்தா நகராட்சி ஆளு அனுப்பாது. புரிஞ்சுது. அதான் சொல்றேனே, யாரும் இல்ல.

என்னது? பின்வாசல்ல ரெண்டு ஜோடி மரச்செருப்பா? ரெண்டும் என்னோடதுதான். எனக்குக் காலு வீங்கும். வீங்குன அன்னைக்குப் பெருசு. இதுல சிரிக்க என்ன இருக்கு?

அதுவா? ரேடியோதான். ஏதோ சிரிப்பு நிகழ்ச்சி. பொம்பளை சிரிச்சா உங்களுக்கு என்ன, ரேடியோவுல பொம்பளை சிரிக்கக் கூடாதா?

ஓ. ரொட்டிக்கடையில விசாரிச்சுட்டுத்தான் வந்தீங்களா. நல்ல பொம்பளைம்மா நீங்க. எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டு என்னையப் பேச விட்டீங்க. அந்தக் கறுப்புக் கோட்டுக்காரரு தேவலாம். சட்டிய மட்டும்தான் தொறந்தாரு.

சரி. பக்கத்து வீட்டு ஹெஸல். ஆமா, அவன்தான் எங்களுக்கு மொத வீடு. நீங்க டவுன்காரங்க, உங்களுக்கு இது தெரியாது. எங்க பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மொத வீடு உண்டு. சாவுன்னா வீடு வீடாப் போயிச் சேதி சொல்றது, பெட்டி தூக்குறது, நோவுன்னா வந்து நிக்கிறது, எல்லாம் மொத வீட்டுக்காரன் பொறுப்பு. பிடிச்சாலும் பிடிக்காட்டியும் அவன் வரணும். வந்தவன நாம வேண்டாங்கக் கூடாது. சொன்னா ஊருல ஒருத்தன் நம்ம பெட்டியத் தொட மாட்டான். என் பெட்டிக்கு முன்கட்டை பிடிக்க வேண்டியவனும் அந்தப் பயதான்.

கோமாளிம்மா அவன். கல்யாணம் இல்ல, காட்சி இல்ல. கோழி வளக்குறான். அதுங்களோட பேசுறான். ஆஸ்பத்திரியில இருந்து இவள வீட்டுக்குக் கொண்டாந்த அன்னைக்குத் தொப்பியக் கழட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னான். முறைன்னு வந்தான். முறைன்னு நானும் உள்ள விட்டேன்.

அப்ப நான் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தேன். வாயத் தொறன்னேன். தொறக்கல. தொறடின்னேன். இடது கை அவளுக்கு நல்லாத்தான் இருக்கு. கரண்டியத் தட்டி விட்டா. என் சட்டையெல்லாம் கஞ்சி. இவன் குனிஞ்சு கரண்டிய எடுத்தான். சட்டையில தொடைச்சான். சேவல் மாதிரி கூவுனான். தலை நரைச்ச ஆம்பளை, கழுத்த நீட்டிக் கூவுறான்! சிரிச்சா பாருங்க. பேச்சுத்தான் போச்சு, சிரிப்புப் போகல. என்னோட குடும்பம் நடத்துன இத்தனை வருசத்துல அப்படி ஒரு சிரிப்பு நான் கேட்டதில்ல. சிரிச்ச வாயில கரண்டிய வெச்சான். முழுங்குனா.

அன்னைல இருந்து தெனம் காலையில வந்துர்றான். கழுவுறதும் அவன்தான். நான் கரண்டிய எடுத்தா செவுத்துப் பக்கம் திரும்பிக்கிறா. என்னன்னு புரியாமத் திரும்பலம்மா. புத்தி தெளிவா இருக்குன்னு டாக்டர் சொன்னாருன்னு சொன்னேனே. தெளிவாத்தான் திரும்புறா.

எங்க எந்திரிக்கிறீங்க? போயிப் பாருங்க, போங்க. கதவு தொறந்துதான் இருக்கும். கிண்ணத்த வெச்சுக்கிட்டுக் கட்டில் பக்கத்துல இருப்பான். இந்த வீட்டுல ரேடியோவே கிடையாது.

பாத்தாச்சா? உக்காருங்க. இப்பச் சொல்றேன். உங்க ஆளு வந்துட்டா மொத வீட்டுக்காரன் பொறுப்பு முடிஞ்சுது. அதுவும் ஊரு வழக்கம்தான். அவன் தொப்பிய மாட்டிக்கிட்டுக் கோழியப் பாக்கப் போயிரலாம். நான் வெளிய தள்ளுனேன்னு எவனும் பேச முடியாது. அரசாங்கத்துக்கு மூஞ்சி கிடையாதுன்னு சொன்னேன்ல, அதுக்குத்தான் உங்க ஆளு எனக்கு வேணும். அவன் பாத்துக்கிறான்னு நீங்க எழுதிட்டா, சாகுற வரைக்கும் இந்தச் சேவல்தான்.

புது ஆளு குடுத்தாச் சாப்பிட மாட்டாளா? மாட்டா. எனக்குத் தெரியாததா? உங்க ஆளுங்க அடுத்த வீட்டுக்கு ஓடணும். ஒரு தடவை நீட்டுவாங்க, ரெண்டு தடவை நீட்டுவாங்க. வாயத் தொறக்கலேன்னா கிண்ணத்த வெச்சுட்டுப் போயிருவாங்க. நின்னு கூவ மாட்டாங்க. அந்த மாதிரி ஆளாப் பாத்து அனுப்புங்க.

கிண்ணம் இங்க இருக்கும். நானும் இங்கதான் இருப்பேன். வயிறு காஞ்சா யாரு கரண்டின்னு பாக்க மாட்டா.

எழுதுங்கம்மா. இந்தாங்க, டப்பாவத் தொறந்துட்டேன். இன்னொண்ணு எடுத்துக்குங்க.