இரண்டாவது கையெழுத்து

மெயர் பேக்கரியில் பிரைடி வாங்குவதென்றால் பன்னிரண்டேகாலுக்கே போய் வரிசையில் நின்றுவிட வேண்டும். பன்னிரண்டரைக்குப் போனால் காலித் தட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் இருவரும் வெளியூர். அந்தக் காய்ந்த சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன். மாட்டுக்கறியைக் கொத்தி, வெங்காயம் சேர்த்து, மாவுக்குள் மடித்துச் சுடுவார்கள். எங்கள் இருவருக்கும் அதை வாங்கிவருவது நார்மனின் வேலை. இருபத்திரண்டு வருடம், வேலை நாள் ஒன்றுகூடத் தவறாமல், பன்னிரண்டேகாலிலிருந்து பன்னிரண்டரை வரை அவன் அந்த வரிசையில்தான் நின்றான். மழையானாலும் நின்றான், பனியானாலும் நின்றான். சார்ஜென்ட் பெய்ன், இதையும் எழுதிக்கொள்கிறீர்களா? எழுதுங்கள், பரவாயில்லை.

பெயர் கென்னத் ஸ்ட்ராக்கன். வயது ஐம்பத்தாறு. கின்ஹேவன் துறைமுகக் காவல் நிலையத்தில் துப்பறியும் சார்ஜென்ட். போன வாரம் வரை. என்னை விசாரிக்க நீங்கள் இருவராக வந்தது முறைதான், மிஸ் லோரிமர். இந்த ஸ்காட்லாந்தில் ஒருவர் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் உள்ளே தள்ள முடியாது. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பதை நாம் சட்டமாகவே வைத்திருக்கிறோம். குற்றவாளியே முன்வந்து 'நான்தான் செய்தேன்' என்றாலும் போதாது. அதற்குப் பக்கபலமாக இன்னொன்று வேண்டும். அதனால்தான் போலீஸ்காரன் ஜோடியாகவே அலைகிறான். ஜோடிக்காரனைப் 'பக்கத்து வீட்டுக்காரன்' என்று சொல்வது வழக்கம். கான்ஸ்டபிள் நார்மன் கெடஸ் என் பக்கத்து வீட்டுக்காரன்.

எங்கள் வேலைமுறை எளிமையானது. சாப்பிட்ட பிறகு நான் என் நோட்டில் எழுதுவேன். எழுதி முடித்ததும் திறந்தபடியே அவன் மேசையில் வைப்பேன். அவன் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, "என்ன எழுதட்டும், கென்?" என்பான். "நான் எழுதினதையே எழுது" என்பேன். தினமும் கேட்பான், தினமும் சொல்வேன். ஒரு முறை என் பக்கத்தில் டீக்கோப்பை பட்டு வட்டம் விழுந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் அவன் நோட்டிலும் அதே இடத்தில் அதே வட்டம். கோப்பையை அளந்து வைத்திருக்கிறான். அவ்வளவு நேர்மையானவன்.

எழுதியதெல்லாம் நடந்ததா என்று கேட்கிறீர்கள். ஊர் அமைதியாக இருந்தது. பெண்கள் பயமில்லாமல் நடந்தார்கள். மீன் வியாபாரிகள் நன்றியோடு என் வாசலில் ஹாடக் மீன் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள், கிறிஸ்துமஸுக்கு விஸ்கி. திருப்பிக் கொடுத்தால் மனம் நோவார்கள். யாரைப் பிடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதும் தெரியும். அவர்கள் சொல்லும்வரை காத்திருப்பது நேர விரயம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஆறு வருடம் முன்பு மீன் சந்தையில் கிடங்கு எரிந்தது. உள்ளே தூங்கிய காவலாளி இறந்துபோனார். மூன்று வாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. மேலிடத்திலிருந்து ஒரே நச்சரிப்பு. சாண்டி மெயர் என்று ஒரு சுமைதூக்கி. அதற்கு முந்தின வாரம் மதுக்கடையில் அந்தக் காவலாளியோடு சண்டை போட்டிருந்தான், ஊரே கேட்டிருந்தது. கூட்டிவந்தேன். பன்னிரண்டு இருபதுக்கு, லாக்கப் வராந்தாவில், என்னிடமும் நார்மனிடமும் அவன் சொன்னதாக நோட்டில் இருக்கிறது: "அந்த ஆளைப் பயமுறுத்தத்தான் நெனச்சேன். உள்ள படுத்திருப்பான்னு தெரியாது." நல்ல வாக்கியம். இரக்கமும் இருக்கிறது, குற்றமும் இருக்கிறது. ஜூரிக்குப் பிடித்துப்போயிற்று. ஆயுள் தண்டனை. அன்று பிரைடியில் உப்பு கொஞ்சம் தூக்கல். அதுவும் எனக்கு நினைவிருக்கிறது.

சாண்டி உண்மையிலேயே அப்படிச் சொன்னானா என்றால், எழுதியிருக்கிறது. இரண்டு நோட்டில் எழுதியிருக்கிறது. கிடங்கை யார் கொளுத்தினார்கள் என்பது வேறு கேள்வி. அது எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் என்னிடம் கேட்டதும் இல்லை.

சங்கடம் என்னவென்றால், அந்த பேக்கரி சாண்டியின் அக்கா இஸபெல்லுடையது. அந்த நேரத்தில் நார்மன் தன் கடை வரிசையில் நின்றதாக அவள் கோர்ட்டில் சொன்னாள். வரிசையில் நின்ற மற்றவர்களுக்கு அது எந்தத் தேதியென்று நினைவில்லை. ஆக ஒரே ஒரு குரல், அதுவும் கூடப் பிறந்தவள் குரல். எடுபடவில்லை. அதற்குப் பிறகும் அவள் நார்மனுக்கு பிரைடி இல்லையென்று சொன்னதில்லை. பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒன்று கேட்பாள், அவ்வளவுதான்.

"மணி பன்னெண்டு இருபது ஆச்சுப்பா நார்மன். நீ இப்ப எங்க நிக்கிற? என் கடையிலயா, லாக்கப் வராந்தாவிலயா?"

ஆறு வருடம், தினமும் இதே கேள்வி. வரிசையில் நிற்பவர்கள் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொள்வார்கள். நார்மன் இளைத்துக்கொண்டே வந்தான். "வேற கடைக்குத்தான் போயேன்" என்றேன். "வேற எடத்துல நல்லா இருக்காது, கென்" என்றான். அவனை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

அது டிசம்பர், ஒரு புதன்கிழமை. மூன்றரைக்கே விளக்குப் போடுகிற மாதம். படகுத்துறைச் சுவரின் முனைவரை நடந்தோம். எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்ட நேரம். நார்மன் நின்றான்.

"கென், நாளைக்கு நான் அரசு வக்கீலைப் பாக்கப் போறேன்."

"எதுக்கு?"

"நான் பிரைடி வாங்க நின்னுக்கிட்டிருந்தேன்னு சொல்ல. இஸபெல் சொல்றது ஒண்ணு, நான் சொல்றது ஒண்ணு. ரெண்டாச்சுல்ல? சாண்டி வீட்டுக்கு வந்துரலாம்."

"ஒரு நோட்டு பொய்யின்னா இருபத்திரெண்டு வருஷத்து நோட்டும் பொய்யாயிரும்டா. நீயும் உள்ள போவ."

"போறேன். அங்க பிரைடி கெடைக்காது, அது ஒண்ணுதான் குறை."

இருபத்திரண்டு வருடத்தில் அவன் சொன்ன முதல் நகைச்சுவை. நானும் சிரித்தேன். வயதானால் நினைவு குழம்புவது இயல்புதான். ஒருத்தி ஆறு வருடமாக ஒன்றையே காதில் ஓதினால், நின்ற இடம்கூட மாறிப்போகும். அவன் சொன்னதை நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பாசியில் கால் வழுக்கி நார்மன் கடலில் விழுந்தான். அதில் எனக்குப் பங்கில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அவனே விழுந்தான், அவனே சுவரில் பதித்த இரும்பு ஏணியைப் பிடித்தான், அவனே மேலே ஏறி வந்தான். கனத்த கோட்டு, தண்ணீர் குடித்து இன்னும் கனத்திருந்தது. இடது கையைச் சுவரின் விளிம்பில் வைத்தான். நான் என் குதிகாலை அதன்மேல் வைத்தேன். ஓங்கி மிதிக்கவில்லை. வைத்தேன். பிறகு என் எடையை அந்தக் காலுக்கு மாற்றிக்கொண்டேன், பேருந்துக்குக் காத்திருப்பவன் கால் மாற்றி நிற்பதுபோல.

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டான்: "இத என்னன்னு எழுதுவீங்க, கென்?"

பழக்க தோஷம், மணி பார்த்தேன். மூன்று நாற்பது. என் பணிக்காலத்தில் நான் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் வியாழன். நார்மன் துறைமுகப் பக்கம் சுற்றிக்கொண்டிருப்பதாக நிலையத்தில் சொல்லிவிட்டேன். மனைவி போனபின் தனிக்கட்டை, தேட ஆளில்லை. காலை பத்தரைக்குக் கறிக்கடையிலிருந்து ஜாக்கி ஃபைஃப் ஒரு வான்கோழியைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு ஓடினான். நான் சொந்தக் கண்ணால் பார்த்தேன். சொந்தக் கண்ணால் நான் பார்த்த திருட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு எழுதினேன்: 'நானும் கான்ஸ்டபிள் கெடஸும் பார்த்தோம்.' எழுதிய நோட்டைத் திறந்தபடி அவன் மேசையில் வைத்துவிட்டு டீ எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோதுதான் கவனித்தேன், என் கையில் இரண்டு கோப்பை.

மேசையில் நார்மனின் நோட்டும் திறந்திருந்தது. கமா வரைக்கும் அப்படியே எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தது. உங்கள் கையெழுத்து நிபுணர் அது என் கை என்கிறாராம். படித்தவர், தப்பாகச் சொல்லமாட்டார். ஆனால் பக்கத்தின் ஓரத்தில் ஈரமாக ஒரு வட்டம் இருந்தது, அது அவருக்குக் காய்ந்துபோய்த்தான் கிடைத்திருக்கும். நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

வேறென்ன செய்வது? இரண்டு கையெழுத்தும் சரியாக இருந்தன. அரசு வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன்.

வெள்ளியன்று நண்டுப் படகுக்காரர்கள் அவனை மேலே எடுத்தார்கள். இறந்தது புதன்கிழமை என்று டாக்டர் எழுதினார். வழுக்கி விழுந்த விபத்து என்று எல்லாரும் வருத்தப்பட்டார்கள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: பெட்டியை இறக்கும் கயிறுகளுக்கு எண் போட்டுச் சீட்டுக் கொடுப்பார்கள், தலைமாட்டுக் கயிறு நெருங்கிய உறவுக்கு. அவனுக்கு உறவில்லாததால் முதலாம் எண் சீட்டு எனக்கு வந்தது. பெட்டி தரை தொட்டதும் மற்றவர்களின் கயிறுகள் தொய்ந்தன, குழிக்குள் போட்டார்கள். என் கயிறு மட்டும் தொய்யவில்லை. யாரோ கீழே மறுமுனையைப் பிடித்திருந்தார்கள். பாதிரியார் என் தோளைத் தொட்டு, "விட்டுருங்க, கென்னத்" என்றார். நான் எப்போதோ விட்டுவிட்டேன் ஐயா, என்று சொல்ல நினைத்தேன்.

பிறகு வான்கோழித் திருடனின் வக்கீல் தேதிகளைப் பார்த்தார். புதன்கிழமை இறந்தவர் வியாழக்கிழமை எப்படி வான்கோழியைப் பார்த்தார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. யானைக்கும் அடி சறுக்கும். எனக்குச் சறுக்கியது நான் உண்மை எழுதிய அன்று.

மற்றபடி நீங்கள் கண்டுபிடித்ததால் நான் பேசவில்லை. என் வாய் ஒன்றை வைத்து என்னை ஒன்றும் செய்ய முடியாதென்று உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நார்மன் வருவதால்தான் பேசுகிறேன். நடுப்பகலில்தான் வருகிறான், சாப்பாட்டு நேரத்தில். கையில் பொட்டலம் இருக்காது. கோட்டு சொட்டிக்கொண்டிருக்கும். வலது கையில் பென்சில், இடது கையைப் பைக்குள் வைத்துக்கொள்வான், எனக்குக் காட்டமாட்டான். "என்ன எழுதட்டும், கென்?" நான் எழுதினால்தானே அவன் எழுதுவான்? எழுத என்னிடம் ஒன்றுமில்லை, அவன் போகவும் மாட்டேன் என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது, மிஸ் லோரிமர். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது.

அதனால் உங்களுக்கு இரண்டாவதையும் நானே தருகிறேன். டாக்டரின் அறிக்கையில் பாருங்கள்: இடது கையில் மூன்று விரல் முறிந்திருக்கும். படகில் அடிபட்டதென்று எழுதியிருப்பார். கல்யாண மோதிரம் முட்டை வடிவமாக நசுங்கியிருக்கும். அது செய்தித்தாளில் வரவில்லை, பெட்டி மூடிய பிறகே நானும் சவப்பெட்டி அருகே போனேன். குதிகாலில் லாடம் அடித்த என் ஷூ மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. லாடத்தையும் மோதிரத்தையும் சேர்த்துவைத்துப் பாருங்கள், பொருந்தும். செய்தவனுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் சரியாக இருந்தால் அதுவே பக்கபலம். ஆயிற்றா, இரண்டு?

பேனாவைக் கொடுங்கள். கீழே கொஞ்சம் இடம் விட்டுக் கையெழுத்துப் போடுகிறேன், பக்கத்தில் அவனும் போட வேண்டுமே.

என்ன, இன்னும் ஒரு கேள்வியா? கேளுங்கள். சாண்டி மெயர் பேசியதாக எழுதிய அன்று, பன்னிரண்டு இருபதுக்கு நார்மன் எங்கே இருந்தான் என்றா? லாக்கப் வராந்தாவில், என் பக்கத்தில். அது தனி வழக்கு. இரண்டு கையெழுத்தோடு முறையாக முடிந்த வழக்கு. அதை இதோடு கலக்காதீர்கள். என்னைக் கொலைகாரன் என்று எழுதுங்கள். என் நோட்டைப் பொய் என்று எழுதாதீர்கள்.

சார்ஜென்ட் பெய்ன், எதற்கு முதல் பக்கத்துக்குப் போகிறீர்கள்? சத்தமாக வேறு படிக்கிறீர்கள். 'வேலை நாள் ஒன்றுகூடத் தவறாமல்'... ஆமாம், சொன்னேன். 'பன்னிரண்டேகாலிலிருந்து பன்னிரண்டரை வரை'... ஆமாம். நீங்கள் இருவரும் கேட்டீர்கள். இஸபெல் சொன்னதும் இதுவேதான், தெரியும். எண்ணத் தெரியாதவனா நான்?

நார்மன், அங்கே நின்று தலையாட்டாதே.

அந்த வரியை அடித்துவிடுங்கள், மிஸ் லோரிமர். அது வாக்குமூலமே இல்லை. நான் பிரைடியைப் பற்றித்தான் சொன்னேன்.