இன்னொருதடவை அம்மா

மேடையில் இருக்கும் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, நம் சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றவர்களே, கண்ணைத் துடைத்துக்கொண்டே நாற்காலி போட்ட தோழர்களே, வணக்கம்.

இந்தப் பள்ளியை உருவாக்கிய நம் அம்மா போய்விட்டார். அந்தச் செய்தியை நாம் ஒரு தடவை கேட்டோம், இடிந்துபோனோம். வாலுப்பெண் என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் நம் மாணவியோ தினமும் கேட்கிறாள். புதிதாகக் கேட்பதுபோலவே தினமும் அழுகிறாள். மறுநாள் காலை வாசலில் வந்து நின்று, "அம்மா இன்னும் வரலையா?" என்கிறாள். பதினைந்து வயதுப் பிள்ளை! பெற்ற தாய் பதில் சொல்ல வாயெடுத்தால் அழுகை முந்திக்கொள்கிறது. இந்த நிமிடமும் அவள் வாசலில்தான் நிற்கிறாள். இனி அவளுக்கு யார் சொல்வது? அந்தக் கவலையோடுதான் பேச வந்திருக்கிறேன்.

அவள் இங்கே வந்த கதையை, தாயே சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். கைக்குழந்தையல்ல, ஏழு வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்து வந்தாள் அந்தத் தாய். "நாந்தாம்மா கெடுத்தேன். இவ வயித்துல இருக்கறப்ப குடிச்சேன்" என்றாள். அம்மா என்ன கேட்டார்? ஏன் குடித்தாய் என்றா? அந்தக் கேள்வியை இங்கே யாரும் கேட்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்! "வெயில்ல நிக்காத, உள்ள வா. பிள்ளைக்கு என்ன புடிக்கும், அதைச் சொல்லு" என்றார்.

"பாட்டுன்னா உசிரும்மா."

அம்மாவின் குரல் நமக்குத் தெரியும். கதவுக் கீல் எவ்வளவோ தேவலை! அந்தக் குரலில் பல் தேய்க்க ஒரு பாட்டு, செருப்பு மாட்ட ஒரு பாட்டு, கோபம் வந்தால் மூச்சுவிட ஒரு பாட்டு. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டே கற்றுக்கொண்டது.

பிறகு பக்கத்துப் பள்ளியில் சேர்த்தோம். ஒரே மாதத்தில் தலைமையாசிரியர் அம்மாவை அழைத்தார். "காலையில சொன்னது மத்தியானம் இல்ல. எத்தனை தடவைதான்மா சொல்றது?"

"இன்னொரு தடவை சார்."

அடுத்த மாதமும் அழைத்தார். அதே பதில்! "இன்னொருதடவை அம்மா" என்று பெயர் வைத்தவரே இவர்தான். இதோ, சிரிக்கிறார், கண்ணையும் துடைக்கிறார். பிள்ளை மறப்பது திமிரா? சோம்பலா? இல்லை ஐயா! கருவிலேயே மது பட்ட மூளை நேற்றுப் பிடித்ததை இன்று நழுவவிடுகிறது. பிள்ளை என்ன செய்யும்? "ரெண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னா ரெண்டும் போச்சு. ஒண்ணு சொல்லு, முடியட்டும்" என்று அம்மா எங்களையும் பழக்கினார்.

நேற்று நம் சமையல்கார அக்கா மனம் பொறுக்காமல், "ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிடுங்களேன், பாவம்" என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஊருக்குப் போனவர் திரும்பி வர வேண்டுமே! அந்தப் பிள்ளை ஆயுள் முழுக்க வாசலில் நிற்க வேண்டுமா?

ஆகவே ஓர் உறுதி எடுப்போம். தினமும் உண்மையையே சொல்வோம். கையைப் பிடித்துக்கொண்டு சொல்வோம். அழுது முடிக்கும்வரை நகர மாட்டோம். நாளைக்கு நான் சொல்கிறேன். நாளை மறுநாளுக்கு யார்? கை தூக்குங்கள்.

அதோ, கடைசி வரிசையில் ஒரு கை. பெற்றவளே, நீயா!

மேடைக்கு வர வேண்டாம் தாயே. நாளை மறுநாள்வரை எதற்கு, இப்போதே நேரே வாசலுக்குப் போ. அழுகை வந்தால் வரட்டும், அழுதுகொண்டே சொல். பின்னாலேயே நாங்கள் எல்லோரும் வருகிறோம்.