நடுரோட்டுல நிக்காத வண்டி

— மாமா, நேத்து ஏழு தடவை கேட்டீங்க. இது எட்டு. அந்தச் செவப்பு வண்டி ஓடும். நல்லா ஓடும். போதுமா?

— நின்னுடாதுல்லன்னு ஒரு பேச்சுக்குக் கேக்குறேன், மாப்ள.

— ஒரு மெக்கானிக்கா சத்தியமா சொல்றேன், எந்த வண்டியும் ஒருநாள் நிக்கத்தான் செய்யும். இது புது மாடல் வேற. மொத வருஷ வண்டியில கியர்பாக்ஸ் திணறும், கண்ணாடி பாதியில மாட்டிக்கும். நாலு பேர் வாங்கி அடிபட்டப்புறம்தான் கம்பெனிக்காரனுக்கே புத்தி வரும்.

— நின்னா எங்க நிக்கும்? வீட்டு வாசல்லயா, நடுரோட்டுலயா?

— அதை வண்டிகிட்டத்தான் கேக்கணும்! உங்களுக்கு என்னதான் ஆச்சு? வரப்போகுதுன்னு சொன்ன நாள்லேருந்து அதோட படத்தை போன்ல வச்சுக்கிட்டு, நூறைத் தொட எத்தனை செகண்டுன்னு என் உயிரை வாங்குனீங்க. இப்ப பஞ்சர், பேட்டரின்னு கேக்குறீங்க. டெஸ்ட் டிரைவ்ல நாப்பதைத் தாண்டலையாமே? ஷோரூம் பையன் சொல்லிச் சிரிக்கிறான்.

— சிரிக்கட்டும். ஸ்டெப்னி இருக்கா?

— இல்ல. காத்தடிக்கிற மெஷின் ஒண்ணும் ஓட்டையை அடைக்கிற பசையும் குடுப்பான்.

— அதை ஒரு பொம்பள தனியா செஞ்சிட முடியுமா?

— எந்தப் பொம்பள?

— ஒரு பேச்சுக்கு.

— எங்க அக்காவா? பெட்ரோல் மூடி எந்தப் பக்கம்னு இன்னும் உங்களைத்தான் கேக்குது. அதுக்கு எதுக்கு இந்தத் தலைவலி? அதான் நீங்க இருக்கீங்கள்ல?

— ம்.

— என்ன ம்? மாமா, இங்க பாருங்க.

— கழுத்துல ஒரு கட்டி, மாப்ள. போன வாரம் ஊசி குத்தி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டாங்க. இன்னிக்குக் காலையில போன் பண்றேன்னாங்க. மணி மூணாச்சு. நல்ல சேதின்னா இவ்வளவு நேரமா ஆகும்?

— ஐயோ. அக்காவுக்கு?

— தெரியாது. நீ வாயைத் திறந்தே, அவ்வளவுதான். செவப்பு வண்டி மேல ஆசை விடமாட்டேங்குது. அது அவளுக்கும் தாங்கும்னு நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா வாங்கிடலாம்னு பாத்தேன். எனக்குப் பயமா இருக்குடா.

— பொய் சொல்ல வரல, மாமா. அது தாங்காது. அதே ஷோரூம்ல இருக்குற பழைய மாடல், அந்தச் சாம்பல் கலர் வண்டிதான் மாடு மாதிரி உழைக்கும்.

— அப்ப அதையே புக் பண்ணு.

— எதைடா புக் பண்ணப் போறே?

— அக்கா! நீ எப்படி என் பட்டறைக்கு?

— ஓடித்தான் வந்தேன். இரு, மூச்சு வாங்குது. என்னங்க, உங்க போன் நம்பர் உங்களுக்குத் தெரியுமா?

— எதுக்கு? கடைசியில ரெண்டு ஏழு வரும்.

— தெரியாது. கரெண்டு ஆபீஸ்லேருந்து கொரியர் வரைக்கும் யார் கேட்டாலும் என் நம்பரை எழுதிக் குடுக்குறதே உங்க பொழப்பு. ஆஸ்பத்திரியிலயும் அதைத்தான் எழுதியிருக்கீங்க.

— ஐயய்யோ!

— "உங்க வீட்டுக்காரர் ரிசல்ட் வந்திருக்கு"ங்குது ஒரு பொண்ணு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எங்கிட்ட மறைக்கிற அளவுக்குப் பெரிய மனுஷன் ஆயிட்டீங்களா?

— அப்புறமாத் திட்டு, தாயே. என்ன சொன்னாங்க?

— வெறும் கொழுப்புக் கட்டியாம். ஒண்ணும் இல்லையாம். மூணு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

— ஒண்ணும் இல்லையா?

— ஒண்ணுமே இல்ல. அழாதீங்க, எனக்கும் வருது. டேய், அந்தக் கிரீஸ் கையோட அவர் கண்ணைத் துடைக்காதே!

— போன உயிர் திரும்பி வந்துச்சுக்கா. மனுஷன் ரெண்டு நாளா உனக்குத்தான் நடுரோட்டுல நிக்காத வண்டி தேடிக்கிட்டிருக்காரு. அந்தச் சாம்பல் கலரைச் சொல்லிடவா?

— அவர் ஆசைப்பட்டது செவப்புதானே? அது நிக்குமா?

— வருஷத்துக்கு ஒரு தடவையாவது.

— அப்ப அதையே புக் பண்ணு. நடுரோட்டுல நின்னா நிக்கட்டும்டா, இறங்கித் தள்ள எனக்கு ஆள் இருக்கு.