நிறுத்தச் சொன்ன கை

தலைமையேற்றிருக்கும் சாயப்பட்டறை அக்கா அவர்களே! காதைத் தறிக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணால் கேட்கும் பெரியவர்களே! பஞ்சுத்தூசி படிந்த மார்பில் பிள்ளைக்குப் பால் கொடுத்த தாய்மார்களே! முன்வரிசையில் முகம் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே! வாசலில் லத்தியோடு நிற்கும் காவலர்களே, உங்களுக்கும் வணக்கம்! இன்று நீங்களும் கேட்க வேண்டும்.

செவிட்டண்ணனைப் புதைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

தறி ஓட்டிய அந்த மனிதர் கேட்டது என்ன? மாளிகையா? ஆலையில் பங்கா? ஒரு பெட்டி! மூடிய பெட்டி! நகரசபைத் தேர்தலில் நிற்கும் முதலாளி பார்க்க அவருக்கே கை தூக்குகிறோம். தூக்காதவனுக்கு மறுநாள் வேலை இல்லை. இதற்குப் பெயர் தேர்தலா? மறைவாகச் சீட்டுப் போடப் பெட்டி வை என்றார்.

மேனேஜர் அவர் காதோரம் முணுமுணுத்தார்: “பெட்டி கிட்டின்னு பேசினா வேலை போயிடும்.”

“காது மந்தம் சார். வெளியே வந்து சத்தமாச் சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்!”

சிரியுங்கள், அவரும் சிரித்தார். வேலை போனது.

பெட்டி கேட்டு நகரசபைக்கு ஊர்வலம் கிளம்புமுன் அண்ணன் சொன்னார்: “ஒரு கல்லு விழக் கூடாது. விழுந்தா எவனும் பெட்டியைப் பத்திப் பேசமாட்டான், கல்லைப் பத்தித்தான் பேசுவான்.”

நகரசபை வாசலில் துப்பாக்கிகள். நம் இளவட்டங்கள் சிலர் குனிந்து கல்லெடுத்தார்கள். அண்ணன் நம் பக்கம் திரும்பினார். உள்ளங்கை விரித்து வலது கையை உயர்த்தினார்.

தறிச் சத்தத்தில் யார் பேச முடியும்? அங்கே உயர்ந்த கைக்கு ஒரே பொருள்: நிறுத்து, ஆள் மாட்டியிருக்கு! நமக்குப் புரிந்தது. கூட்டம் நின்றது. கற்கள் கீழே விழுந்தன. தறிக்கூடத்தில் காலே வைக்காத காவல் அதிகாரிக்கோ அது ‘தாக்கு’ என்ற சைகை! சுடச் சொன்னான். குண்டு முதுகில் பாய்ந்தது. உடல் சாய்ந்த பிறகுதான் அந்தக் கை சாய்ந்தது.

என்ன தம்பி? பழிக்குப் பழியா? நேற்று உன் கூட்டாளிகளும் அண்ணியிடம் போனார்கள். “ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி, ஆலையைக் கொளுத்திடறோம்.” அண்ணியும் தறிக்காரிதான். கையைத் தூக்கினார்.

நாளை தேர்தல். முதலாளியின் பெயரை வாசிக்கும் முன்பே தூக்குவோம்! உள்ளங்கை விரித்துத் தூக்குவோம்! அண்ணன் கேட்ட பெட்டி வரும்வரை இறக்கமாட்டோம்! யாருக்கு ஓட்டு என்று எண்ணிப் பார்க்கட்டும்!

காவலர்களே, அந்தக் கைக்கு என்ன பொருள் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். தெரியாமல் சுட்டோம் என்று இனி நீங்கள் சொல்ல முடியாது.

அழுகையை அடக்கிக்கொண்டு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. கை கூப்பி விடைபெறுவது மேடை வழக்கம். நான் ஒரு கையைத் தூக்கி விடைபெறுகிறேன். வணக்கம்!