பன்னிரண்டில் ஐந்து

பதினைந்து நொடி மூச்சைப் பிடிப்பது ஒரு பெரிய காரியமா என்று கேட்பவர்கள் அந்த ஸ்கேன் குழாய்க்குள் ஒருமுறை படுத்துப் பார்க்க வேண்டும். மாமாவால் முடியவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

என் மாமனாரைத்தான் சொல்கிறேன். இதயத் தசையின் நார்கள் எந்தச் சாய்வில் ஓடுகின்றன என்று பார்க்கப் பன்னிரண்டு படங்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு. “மாப்ள, உங்க மாமியார் முன்னாடி நாப்பது வருஷமா மூச்சுவிடாமத்தான் இருந்தேன். இங்கயும் அதேவா?” என்று சிரித்தார். சிரித்ததில் இன்னொரு படமும் கெட்டது. ஐந்துதான் தேறின.

மீதி ஏழு படங்களைக் கணக்குப் போட்டு நிரப்புவது என் வேலை. அந்த முறையை உருவாக்க எனக்கு ஒன்பது வருடம் பிடித்தது. “சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்” என்று துறைத் தலைவர் எல்லோர் முன்னாலும் சொல்வார். எனக்குக் கோபம் வந்ததில்லை. அவர் கேட்டது நியாயம்தான்: படம் சரி என்பதற்கு என்ன சாட்சி? இதயத்தை வெளியே எடுத்து, மெல்லிசாகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். மாமாவுக்கு முன்பு பதினொரு பேருக்கு என் படம் ஆபத்தைக் காட்டியது. நம்பலாம் என்றேன், துடிப்பு தடுமாறினால் திருத்தும் கருவியை மருத்துவர் பொருத்தினார். பதினொரு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். சிக்கலே அதுதான்.

மாமாவின் படத்தில் இடப்புறம் அடியில் நார்கள் சிக்குப் பிடித்த தலைமுடி போலக் கிடந்தன. அப்படிப்பட்ட இதயம் எந்த நிமிடமும் நின்றுவிடலாம். நம்பலாமா என்று மருத்துவர் வழக்கம்போலக் கேட்டார். “உறுதியாச் சொல்ல முடியாது டாக்டர். பாதிக்கு மேல வெறும் கணக்குதான். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்” என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதே வாரம் உடல் தானப் படிவத்தை மாமாவிடம் நீட்டினேன். “செத்தப்புறம் இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன், எடுத்துக்குங்க மாப்ள” என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மாமா என்றால் எனக்கு உயிர்.

மூன்றாம் மாதம், செருப்பு வாரை மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

சீவி அளந்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. என் படத்தின் சராசரிப் பிழை நான்கே டிகிரி. அன்று வீட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், அத்தனை சந்தோஷம். தன் அப்பாவை நினைத்து அழுகிறேன் என்று மனைவி என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஆய்வுக் கட்டுரையில் படம் தயாரான தேதியைக் குறிப்பிடுவது முறை, குறிப்பிட்டேன். அவள் அதைப் படித்துவிட்டாள். “அப்பா உயிரோட இருக்கும்போதே இது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். தெரியும் என்றேன். விசாரிக்க வந்திருக்கும் உங்களிடமும் அதையே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். தெரியும். காப்பாற்றியிருக்கலாம். காப்பாற்றியிருந்தால் என் படம் சரியா தப்பா என்று கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

அவள் இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறாள், போனை எடுப்பதில்லை. நான் நிரப்பிய படத்தையும் மாமாவின் இதயத்தைச் சீவி எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பார்த்தால் சமாதானமாகிவிடுவாள்.